பாட்டு செய்த வேலை

தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கு மின்சார பம்புசெட்டுகள் வருவதற்கு முன்பு நீர் இறைக்கப் பயன்பட்ட ஏற்றம் என்னும் பொறி, இரண்டு அல்லது மூன்று பேரின் அசைவுகள் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றி ஒழுங்காக இயங்காத வகையில் அமைந்திருந்தது. நிலத்தில் நட்ட கவைத்தூணின் மேல் நீண்ட மரம் ஒன்று தராசுக்கோல்போலக் கிடத்தப்பட்டிருக்கும். அதன் கிணற்றுப்பக்க முனையிலிருந்து ஒரு மூங்கில் கழியும், கழியின் அடியில் சால் எனப்படும் நீர்க்கலமும் தொங்கும். மரத்தின் மேல் ஏறி மிதிப்பவர் கிணற்றை நோக்கி நடந்தால் சால் இறங்கி நீரில் அமிழும். அவர் திரும்பி நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். வந்ததைக் கிணற்றின் வாயில் நிற்பவர் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மிதிப்பவர் சற்று முந்தித் திரும்பினால் சால் அரைகுறையாக நிரம்பும். கவிழ்ப்பவர் சற்றுப் பிந்தினால் மேலே நிற்பவரின் கால் தடுமாறும். நாள் முழுதும் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிகழும் இந்தச் செயலில், மேலே நிற்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் பொதுவான ஒரு காலக்கணக்கு இருந்தாக வேண்டும்.

அந்தக் கணக்கைக் கொடுத்தது ஏற்றப் பாட்டு. பிள்ளையாரைத் தொழுது தொடங்கி, இறைத்த சால்களின் எண்ணிக்கையை அடிதோறும் கோத்துச் செல்லும் அந்தப் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது என்ற கேள்விக்கு, வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அலுப்புத் தெரியாமல் இருப்பதற்காக என்பதே. அந்த விடை பொய்யன்று; ஆனால் காரணம் நிற்க வேண்டிய இடத்தில் அது விளைவை நிறுத்துகிறது. ஏற்றப் பாட்டு முதன்மையாக ஒரு காலக்கருவி. கயிறும் கழியும் எப்படி வேலைக்குரிய கருவிகளோ அப்படியே அதுவும் ஒரு கருவி. அலுப்புக் குறைந்தது அந்தக் கருவி சரியாக வேலை செய்ததன் பயன். உழவரும் படைத்தலைவரும் மாலுமிகளும் நெடுங்காலம் கையாண்ட இந்தக் கருவி உடலுக்குள் எங்கே, எவ்வாறு செயல்படுகிறது என்பது, அது தொழிற்களங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்ட இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், அதுவும் நடக்க முடியாமல் நின்றுவிட்ட நோயாளிகளின் வழியாகத்தான், விளங்கத் தொடங்கியது.

தமிழில் இந்த வழக்கத்தின் தொன்மைக்குச் சான்று தேட வேண்டிய தேவை அதிகம் இல்லை. பத்துப்பாட்டுள் ஒன்றான மதுரைக் காஞ்சி, பாண்டிய நாட்டு வயல்களில் எழும் ஓசைகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில், வரிசையாக நின்று நீர் இறைக்கும் தொழிலாளரின் பாட்டோசையையும் நீர் இறைக்கும் கருவிகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் உழவின்போது பாடும் ஏர்மங்கலமும் நெற்களத்தில் பாடும் முகவைப் பாட்டும் வருகின்றன. அதன் வாழ்த்துக் காதையில் நெல் குற்றும் மகளிர் பாடும் வள்ளைப் பாட்டு இடம்பெறுகிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் இதே உலக்கைப் பாட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டு திருப்பொற்சுண்ணம் பாடினார். வள்ளைப் பாட்டு இவற்றுள் தனிக் கவனத்துக்கு உரியது. ஓர் உரலில் இருவர் இரண்டு உலக்கைகளால் மாறி மாறிக் குற்றும்போது, ஒருவரது உலக்கை இறங்கும் நேரத்தில் மற்றவரது உலக்கை ஏறிக்கொண்டிருக்க வேண்டும். பிறரது உலக்கை இறங்குவதைக் கண்ணால் பார்த்த பின் தன்னுடையதை உயர்த்துவது என்றால் அந்த வேலை ஓடாது. அடுத்த இடி எப்போது விழும் என்பது அது விழும் முன்பே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலக்கைப் பாட்டின் சந்தம் அந்த முன்னறிவைத்தான் கொடுத்தது.

வேலைக்கு வேலை பாட்டின் பொறுப்பு வேறுபட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நடவிலும் களையெடுப்பிலும் ஒவ்வொருவர் கையும் தனித்தனியே இயங்கலாம். அங்கே பாட்டு தளர்வாக, கதை சொல்வதாக, கேலி பேசுவதாகக்கூட நீண்டு செல்லும். கடற்கரையில் பலர் சேர்ந்து கரைவலையை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் அந்தத் தளர்வுக்கு இடமில்லை. அங்கே ஒருவர் எடுத்துக் கொடுப்பதும் மற்றவர்கள் ஒரே குரலில் வாங்குவதும், மூச்சு இழுப்பதும் கயிறு இழுப்பதும், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஏற்றப் பாட்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கம்பர் ஒரு முறை ஏற்றம் இறைப்பவர் பாடிய அடியின் முற்பகுதியைக் கேட்டு வியந்து, பிற்பகுதி என்னவாக இருக்கும் என்று காத்திருந்ததாகவும், பொழுது சாய்ந்ததால் பாடியவர் வேலையை நிறுத்தி வீட்டுக்குப் போய்விட, மறுநாள் வந்துதான் மிச்சத்தைக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை நடந்ததா என்பது வேறு; அதைக் கட்டியவர்களுக்கு ஏற்றப் பாட்டின் இயல்பு நன்றாகத் தெரிந்திருந்தது. சால் நின்ற இடத்தில் பாட்டும் நிற்கும். வேலை இல்லாமல் அதைப் பாடி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் பாடுபவருக்கு எழவே இல்லை, கேட்டவருக்குத்தான் எழுந்தது.

ஒலியைக் கொண்டு உடல்களை ஒழுங்குபடுத்துவது பொழுதுபோக்கோ வழிபாடோ அன்று, தொழில்நுட்பம் என்பதை எழுத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பழைய சான்றுகளுள் ஒன்று கிரேக்கத்திலிருந்து கிடைக்கிறது. கி.மு. 418இல் நடந்த மாண்டினியாப் போரை விவரிக்கும் வரலாற்றாசிரியர் தூசிடைடிஸ், எதிர்ப்படையினர் ஆவேசமாகப் பாய்ந்து வந்தபோது ஸ்பார்ட்டாவினர் பல குழலிசைஞர்களின் ஒலிக்கு ஏற்ப மெதுவாக முன்னேறினர் என்றும், அந்தக் குழலிசைக்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை, அடி ஒத்து நடந்து அணி குலையாமல் இருப்பதே அதன் நோக்கம் என்றும் எழுதுகிறார். அதே காலத்து ஏதென்ஸின் மூவரிசைத் துடுப்புப் போர்க்கப்பலில் 170 பேர் துடுப்பு வலித்தனர். அவர்களுக்கென்று ஒரு குழலிசைஞர் கப்பலிலேயே இருந்தார். மூன்று அடுக்குகளில் நெருங்கி உட்கார்ந்து வலிப்பவர்களில் பெரும்பாலோருக்கு நீரும் தெரியாது, மற்ற துடுப்புகளும் தெரியாது; கண்ணுக்கு எட்டாத இடத்தில் காது மட்டுமே அவர்களுக்குத் துணை.

ஐரோப்பியப் படைகளில் அடி ஒத்து நடக்கும் வழக்கத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும் வாதாடியாக விளங்கியவர், பிரெஞ்சுப் படையின் தளபதி மொரிஸ் த சாக்ஸ். 1732இல் அவர் எழுதி, இறந்த பிறகே அச்சான போர்க்கலை நூலில், பழைய ரோமானியப் படைகளின் நடையின் இரகசியம் தாளமே என்று அடித்துச் சொல்கிறார். இரவு முழுவதும் இசைக்கு ஆடிக் களிப்பவர்களை, இசை இல்லாமல் கால் மணி நேரம் ஆடச் சொல்லிப் பார்த்தால் அவர்களால் தாங்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. அலுப்பைப் பற்றிய வாதத்தைப் போலத் தோன்றினாலும் இதில் ஒரு நுட்பம் உண்டு: ஆடுபவரின் தசைகள் இரு நிலைகளிலும் ஒன்றே, மாறுவது, ஒவ்வோர் அசைவையும் எப்போது தொடங்குவது என்று தாமே தீர்மானிக்க வேண்டிய சுமை மட்டுமே.

இந்த வழக்கத்துக்கு ஓர் எதிர்ப்புக் குரலும் இருந்தது என்பது வரலாற்றில் அதிகம் பேசப்படுவதில்லை. பிரிட்டன் படைக்காக டேவிட் டண்டாஸ் 1788இல் எழுதிய நூலையும் அதன் அடிப்படையில் 1792இல் வந்த விதிகளையும் பார்த்தால், சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 75 அடி, விரைவு நடைக்கு 108 அடி என்று துல்லியமாக வரையறுக்கும் அவர், பெரிய படையணியின் நகர்வை இசையாலோ முரசாலோ ஒழுங்குபடுத்துவதை அடியோடு விலக்குகிறார். நூலில் கட்டிய குண்டின் ஊசலாட்டத்தைப் பார்த்து நடைவேகத்தைப் பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இசையை வெறுத்த ஒருவரின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. முரசுக்கு அருகில் நிற்பவன் கேட்ட அடியை 170 மீட்டர் தள்ளி நிற்பவன் அரை நொடி பிந்தியே கேட்பான். நிமிடத்துக்கு 108 அடி என்ற வேகத்தில் அரை நொடி என்பது கிட்டத்தட்ட ஓர் அடி. நீண்ட அணியின் இரு முனைகளும் தத்தம் காதை நம்பி நடந்தால் எதிரெதிர்க் கால்களை எடுத்து வைக்கும். கிரேக்கக் கப்பலின் நீளம் 40 மீட்டருக்கும் குறைவு என்பதால் இந்தச் சிக்கல் அங்கே எழவில்லை. கிணற்று மேட்டிலும் உரலடியிலும் எழ வாய்ப்பே இல்லை. தாளம் மனிதர்களைக் கட்டும் ஆற்றல், குரல் எட்டும் தொலைவுக்கு உட்பட்டது.

பாய்மரக் கப்பல்களில் அந்தத் தொலைவு சரியாகப் பொருந்தியது. நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றித் தள்ளுவதற்கு ஒரு வகை, பாயின் கயிறுகளை விட்டுவிட்டு இழுப்பதற்கு வேறு வகை என்று வேலையின் அசைவுக்கு ஏற்பப் பாட்டு மாறியது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஹென்றி டேனா, தாம் சாதாரண மாலுமியாக வேலை செய்த பயணத்தைப் பற்றி 1840இல் வெளியிட்ட நூலில், பளுவான இழுப்பின்போது இரண்டு மூன்று பாட்டுகளை முயன்றும் கயிறு ஓர் அங்குலம்கூட நகராமல் நின்றதையும், புதிதாக ஒரு பாட்டை எடுத்ததும் அதே ஆட்களின் கையில் அது நகர்ந்ததையும் பதிவுசெய்திருக்கிறார். அதே ஆட்கள், அதே கயிறு, அதே களைப்பு. வேறுபட்டது, இழுவிசை எல்லாக் கைகளிலும் ஒரே நொடியில் விழுந்ததா என்பதே. நீராவி எந்திரம் கப்பலின் உருளைகளைச் சுழற்றத் தொடங்கியபோது அந்தப் பாட்டுகள் வேலை இழந்தன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருப்புப்பாதையைக் கடப்பாரைகளால் நெம்பி நேராக்கிய கறுப்பினத் தொழிலாளர் குழுக்களில், பாட்டை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

இந்தப் பரந்த வழக்கத்தை ஆய்வுப் பொருளாக முதலில் தொகுத்தவர் இசையறிஞரோ மருத்துவரோ அல்லர், பொருளியலாளர். லைப்சிக் பல்கலைக்கழகத்தின் கார்ல் பியூஷர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் தாளமும்’ என்னும் நூல், உலகின் பல பகுதிகளின் தொழிற்பாட்டுகளைத் திரட்டி, தாளம் அசைவைத் தானியங்கியாக்கி உள்ளத்தின் சுமையைக் குறைக்கிறது என்று வாதிட்டது. ஒரே களத்தில் மூவர் மாறி மாறிக் கதிரடிக்கும்போது எழும் ஒலிவரிசையே அவர்களது வேலையின் ஒழுங்கைக் காப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இசையும் கவிதையும் உழைப்பின் தாளத்திலிருந்தே பிறந்தன என்று அவர் எட்டிய முடிவு, சான்றுகள் தாங்கக்கூடியதைவிடப் பெரியது. பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய முடிவு சரிந்தபோது அதன் அடியில் இருந்த சிறிய, சரியான கவனிப்பும் சேர்ந்து மறக்கப்பட்டதுதான் இழப்பு. தொழிற்சாலை யுகம் இசையையும் உழைப்பையும் எவ்வளவு தூரம் பிரித்துவிட்டது என்பதற்கு, 1940இல் பி.பி.சி. வானொலி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய இசை நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு. எந்திரம் தன் வேகத்தில் ஓடியது, ஒலிபெருக்கி தன் வேகத்தில் பாடியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தொழிலாளியின் கை எந்திரத்துக்கே கட்டுப்பட்டது. அலுப்பைப் போக்கும் இசை என்ற பெயர் உண்மையில் பொருந்துவது அதற்கே.

ஆய்வகங்களில் தாளத்துக்கு ஏற்ற அசைவை அளக்கும் முயற்சியும் ஏறத்தாழ பியூஷரின் காலத்திலேயே தொடங்கியது. மெல்ட்செல் 1815இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் என்னும் தாளமானி அதற்குக் கருவியானது. 1886இல் லூயிஸ் ஸ்டீவன்ஸ், தாளமானியின் ஒலிக்கு ஏற்பச் சிறிது நேரம் தட்டிய பின் ஒலியை நிறுத்திவிட்டு, அதே வேகத்தைத் தாமாகவே தொடரச் சொல்லும் சோதனையை வெளியிட்டார்; இன்றும் காலவுணர்வு ஆய்வுகள் அந்த முறையைக் கையாளுகின்றன. அதைவிட வியப்புக்குரிய செய்தி அடுத்த சில பத்தாண்டுகளில், 1910இல் நைட் டன்லப் வெளியிட்டது போன்ற ஆய்வுகளில், தெரியவந்தது. ஒலியைக் கேட்டு விரலைத் தட்டச் சொன்னால், மக்கள் ஒலிக்குப் பின் தட்டுவதில்லை. நொடியின் நூறில் சில பங்கு முந்தியே தட்டுகிறார்கள், தாங்கள் முந்துவதை உணர்வதுமில்லை. எதிர்பாராத ஓர் ஒலியைக் கேட்டு விரலை அசைக்கவே நொடியில் ஏழில் ஒரு பங்கு அளவு காலம் பிடிக்கும் என்பதால், தாளத்தோடு அசைவது ஒலிக்குக் காட்டும் எதிர்வினையாக இருக்க முடியாது. ஒலிகளுக்கு இடையிலான இடைவெளியை உடல் கற்றுக்கொண்டு, அடுத்ததைத் தானே முன்கூட்டி வைக்கிறது. உரலடியில் இரு உலக்கைகள் மோதாமல் இருந்ததன் கணக்கு இதுவே.

உடலுக்குள் அந்தக் கணக்கு நடக்கும் இடங்களைத் தேடியவர்கள் முதலில் எட்டியது முதுகுத்தண்டை. 1967இல் சோவியத் ஆய்வாளர்கள் பால்ட்செவ், எல்னர் இருவரும், ஓர் ஒலி கேட்டதும் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் சிறிது நேரம் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன என்று காட்டினர். 1976இல் ரொசின்யோல், மெல்வில் ஜோன்ஸ் இருவரும் இதை விரிவாக அளந்து, ஒலி கேட்டு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கழிந்த நிலையில் இந்தத் தயார்நிலை உச்சம் பெறுவதையும், இசைக்கு ஏற்பக் குதிப்பவர்களின் தசைகள் அந்தத் தயார்நிலையைப் பயன்படுத்திக்கொள்ளும் நேரத்திலேயே முடுக்கப்படுவதையும் கண்டனர். காதில் விழுந்த ஒலி, பொருள் புரிந்து, முடிவெடுத்து, ஆணை பிறப்பித்து, அதன் பிறகுதான் காலை எட்டுகிறது என்ற எண்ணத்துக்கு இது மாறானது. ஒலிக்குத் தசையிடம் செல்ல ஒரு குறுக்குப்பாதை உண்டு.

ஆனால் குறுக்குப்பாதை மட்டும் அடுத்த அடியை முன்கூட்டி அறியாது. அதற்கு மேலே மூளையில் வேறு அமைப்புகள் வேண்டும். அவற்றின் இருப்பை வெளிக்காட்டியது பார்க்கின்சன் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஒரு சிறு நூலில் விவரித்த இந்த நோயில், கை நடுக்கத்தோடு நடையும் குலைகிறது. அடிகள் குறுகுகின்றன, உடல் முன்சாய்கிறது, சிலருக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நடுவழியில் நின்றுவிடுகிறது. மூளைத்தண்டில் கருநிறமாகத் தெரியும் ஒரு பகுதியின் நரம்பணுக்கள் அழிவதால் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைவதும், அதை நம்பியிருக்கும் பேசல் கேங்லியா எனப்படும் அடிநரம்புத் திரள்கள் தம் வேலையைச் சரியாகச் செய்ய இயலாமல் போவதும் இதற்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிவாயிற்று. பெருமூளையின் அடியாழத்தில் உள்ள இந்தத் திரள்கள், நடப்பது போன்ற பழகிய அசைவுத் தொடர்களை, ஒவ்வோர் அசைவையும் தனியே எண்ணிப்பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்துவிடும் பணியில் பங்குகொள்கின்றன. அவை தவறும்போது, முன்பு தானாக நடந்த நடை ஒவ்வோர் அடியாக முயன்று நடக்க வேண்டிய வேலையாகிவிடுகிறது.

இந்த நோயாளிகள் சில சூழ்நிலைகளில் திடீரென்று இயல்பாக இயங்குவதை மருத்துவர்கள் வெகுநாளாகக் கண்டிருந்தனர். பிரெஞ்சு நரம்பியலாளர் சூக் 1921இல் அதற்கு ‘முரண் இயக்கம்’ என்று பொருள்படும் பெயரையும் இட்டார். முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய உறக்க மூளையழற்சி என்னும் கொள்ளைநோய்க்குப் பின் பார்க்கின்சன் நோயை ஒத்த நிலையில் பல பத்தாண்டுகள் உறைந்திருந்தவர்களை நியூயார்க்கில் கவனித்த ஆலிவர் சாக்ஸ், 1973இல் வெளிவந்த தம் நூலில், இசை ஒலிக்கும்போது மட்டும் அவர்களது அசைவு விடுபடுவதையும், இசை நின்றதும் அதுவும் நிற்பதையும் எழுதினார். இதற்கு ஒரு வரைபடம் கொடுத்தவர் கேரி கோல்ட்பர்க். 1985இல் அவர் முன்வைத்த கருத்தின்படி, தானாகத் தொடங்கும் அசைவுகளுக்கு ஒரு வலையமைப்பும், வெளியிலிருந்து வரும் குறிப்பைப் பின்பற்றும் அசைவுகளுக்கு வேறொரு வலையமைப்பும் மூளையில் உள்ளன. முதலாவது, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய துணை இயக்கப் பகுதியையும் அடிநரம்புத் திரள்களையும் சார்ந்தது. இரண்டாவது, பக்கவாட்டில் உள்ள முன்னியக்கப் பகுதியையும் சிறுமூளையையும் சார்ந்தது. பார்க்கின்சன் நோயில் பெரிதும் பழுதுபடுவது முதலாவது. தாள ஒலி கிடைத்தால் நடை இரண்டாவதின் வழியாகச் செல்ல முடிகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் விளக்கம்.

விளக்கம் அழகானது; உண்மை அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. 2007இல் ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் இருவரும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருந்தவர்களுக்கு ஒலிவரிசைகளைக் கேட்கச் செய்தபோது, சீரான தாளம் உணரப்படும் வரிசைகளுக்கு அடிநரம்புத் திரள்களும் துணை இயக்கப் பகுதியும்தான் கூடுதலாகச் செயல்பட்டன. அதாவது, பழுதுபடுவதாகச் சொல்லப்பட்ட அதே முதல் வலையமைப்பே தாளத்தை அறிவதிலும் ஈடுபடுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாளமுள்ள ஒலிவரிசைகளைப் பிரித்தறிவதில் குறைவு இருப்பதை 2009இல் அவர்களே காட்டினர். மான்ட்ரியாலில் சென், பென்ஹ்யூன், சட்டோரே மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அசைய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் தாளத்தைக் கேட்டாலும் துணை இயக்கப் பகுதி, முன்னியக்கப் பகுதியின் சில இடங்கள், சிறுமூளை ஆகியவை விழித்துக்கொள்வதைக் காட்டியது. மூளையின் காந்தப்புலத்தை அளந்து ஃபுஜியோக்காவும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது: நொடிக்கு ஏறக்குறைய 20 முறை துடிக்கும் பீட்டா அலைகள் ஒவ்வோர் ஒலிக்கும் பின் தணிந்து, அடுத்த ஒலி வரவேண்டிய நேரத்துக்குள் மீண்டும் உயர்கின்றன, ஒலிகளின் இடைவெளியை மாற்றினால் அந்த உயர்வின் வேகமும் அதற்கேற்ப மாறுகிறது. ஆக, கேட்பதற்கென்று ஒன்றும் அசைவதற்கென்று ஒன்றுமாக மூளை பிரிந்து கிடக்கவில்லை. தாளம் கேட்கும்போது, அசைவைத் திட்டமிடும் பகுதிகளே அடுத்த ஒலி வரும் நேரத்தைக் கணிப்பதில் பங்கேற்கின்றன. இதில் மனிதனுக்கு முழு உரிமை கொண்டாட வழியில்லை: ஸ்னோபால் என்ற கொண்டைக்கிளி இசையின் வேகத்தை மாற்றினால் தன் ஆட்டத்தின் வேகத்தையும் மாற்றிக்கொள்வதை 2009இல் அனிருத் படேல் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நடைபயிற்சியில் இந்த அறிவைப் பயன்படுத்தி அளந்து பார்த்தவர்களில் முதன்மையானவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் தௌட். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் 15 பேர், தாள அடிகள் அழுத்தமாகக் கேட்கும்படி அமைத்த இசையை ஒலிநாடாவில் கேட்டுக்கொண்டே மூன்று வாரம் வீட்டில் நடந்து பழகினர். 11 பேர் அதே பயிற்சியை ஒலி இல்லாமல் செய்தனர். மேலும் 11 பேருக்குப் பயிற்சி இல்லை. தாளத்தோடு நடந்தவர்களின் நடைவேகம் 25 சதவீதமும், காலடி நீளம் 12 சதவீதமும், நிமிடத்துக்கு எடுத்து வைக்கும் அடிகளின் எண்ணிக்கை 10 சதவீதமும் கூடின. நோக்கத்தக்கது காலடி நீளம். தாளம் சொல்வது எப்போது என்பதை மட்டுமே; எவ்வளவு தூரம் என்பதை அது சொல்லவில்லை. அசைவு எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், இடைப்பட்ட நேரத்தில் காலை எப்படி வீசுவது என்பதை மூளையால் ஒழுங்காகத் திட்டமிட முடிகிறது என்பது தௌட்டின் விளக்கம். டேனாவின் கயிறு நகர்ந்ததற்கும், மொரிஸ் த சாக்ஸின் ஆட்டக்காரர்கள் விடியும்வரை சளைக்காததற்கும் இந்த விளக்கம் பொருந்தும். நேரம் சீரானதும் விசை சிந்தாமல் சேருகிறது, உடல் வீணாக இறுகுவது குறைகிறது, அதனால் அலுப்பும் குறைகிறது.

மருத்துவம் இதைக் கண்டெடுப்பதற்கு வெகு முன்பே ஏற்றம் போய்விட்டது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பிறகு கோயம்புத்தூர் வட்டாரத்தில் பரவிய மின்சாரமும், விடுதலைக்குப் பின் மற்றப் பகுதிகளுக்கும் சென்ற பம்புசெட்டும் கிணற்று மேட்டில் மனிதக் கால்களின் தேவையை முடித்துவைத்தன. மாடுகளைக் கொண்டு இறைத்த கமலையும் அதன் பாட்டும் உடன் போயின. நா. வானமாமலை போன்றவர்கள் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது தொழிற்பாட்டுகளில் பல வேலையை விட்டுப் பிரிந்து, நினைவிலிருந்து சொல்லப்படுபவையாக மாறிக்கொண்டிருந்தன. அச்சில் சொற்கள் கிடைக்கின்றன, எண்ணிக்கை கிடைக்கிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே சால் அமிழ்ந்து நிறைய எவ்வளவு நேரம் விடப்பட்டது என்பது கிடைப்பதில்லை. அந்த நேரம் கிணற்றின் ஆழத்தையும் சாலின் கொள்ளளவையும் மிதிப்பவரின் வயதையும் பொறுத்து ஒவ்வொரு கிணற்றுக்கும் வேறுபட்டிருக்கும்; எடுத்துக் கொடுப்பவர்தான் அதை அன்றன்று தீர்மானித்திருக்க வேண்டும். தாள ஒலியைக் கொண்டு நடை பழக்கும் மருத்துவர்களும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்: நோயாளியை முதலில் ஒலி இல்லாமல் நடக்கச் செய்து, நிமிடத்துக்கு அவர் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணி, தாளமானியை முதலில் அந்த எண்ணிலேயே வைத்து, கால் அதற்குப் பழகிய பிறகே அதைவிட ஐந்து அல்லது பத்து சதவீதம் ஏற்றுகிறார்கள்.